நான்கு திசுக்கள்: எது எத்தனை நாளில் ஆறும், எது ஆறாது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கால் பிசகினாலும் கை வெட்டுப்பட்டாலும் "எப்போது சரியாகும்?" என்பதுதான் முதல் கேள்வி. அடிபட்ட இடத்தைவிட, அடிபட்ட திசுவைப் பொறுத்ததே அதற்கான விடை. ஒரே முட்டியில் மேல்தோல் பத்து நாளில் மூடிவிடும். எலும்பு சில மாதம் கேட்கும். குருத்தெலும்பு கடைசிவரை பழைய நிலைக்கு வராது. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் தமிழ்க் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இந்த நோக்கில் தொகுத்திருக்கிறோம்.

திசு என்றால் என்ன? மொத்தம் எத்தனை?

ஒரே வேலையைச் செய்ய ஒன்றாகக் கூடியிருக்கும் உயிரணுக்களும், அவற்றுக்கு இடையே உள்ள நாரும் கூழும் சேர்ந்ததே திசு. பிரெஞ்சு மருத்துவர் பிஷா 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில், நுண்ணோக்கி இல்லாமலே, வெட்டியும் ஊறவைத்தும் வேகவைத்தும் பார்த்து 21 வகைத் திசுக்களைப் பிரித்தார். இன்று அவற்றை நான்கு பெரும் குடும்பங்களில் அடக்குகிறோம்: மேற்பரப்பை மூடும் எபிதீலியத் திசு, தாங்கிப் பிணைக்கும் இணைப்புத் திசு, சுருங்கி விரியும் தசைத் திசு, செய்தி கடத்தும் நரம்புத் திசு.

நான்காம் படிவ உயிரியல் படிக்கும் பிள்ளைகள் இவற்றையே டிசு எபிடெலியம், டிசு பெங்ஹுபுங், டிசு ஓட்டோட், டிசு சாராஃப் என்று எழுதுவார்கள். தமிழ்ப்பள்ளியில் கேட்ட சொல்லையும் இடைநிலைப்பள்ளியில் எழுதும் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒட்டி வையுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

படத்தில் பார்த்தால் பிள்ளைக்குப் புரியவில்லை. வீட்டில் காட்ட வழி உண்டா?

சந்தையில் தோல் உரிக்காத, பாதம் வெட்டாத கோழிக்கால் ஒன்று வாங்குங்கள். தொடையும் சேர்ந்திருக்க வேண்டும். குழாயடியில் கழுவ வேண்டாம். தெறிக்கும் நீரோடு கிருமியும் தெறிக்கும். ஒரு தட்டில் வைத்து, சின்னக் கத்தரிக்கோலால் வேலையைத் தொடங்கலாம்.

முதலில் தோல். அதன் மேற்பரப்பு எபிதீலியம். இழுத்தால் கிழியாமல் எதிர்க்கும் அடிப்பகுதி இணைப்புத் திசு. தோலை உரிக்கும்போது மஞ்சளாக வழுக்கும் கொழுப்பும், சிலந்தி வலை போன்ற மெல்லிய வெள்ளைப் படலமும் வரும். இரண்டும் இணைப்புத் திசுவே. அதற்கடியில் இளஞ்சிவப்பாக இருப்பது தசை. அது கட்டுக்கட்டாகப் பிரிவதையும் ஒவ்வொரு கட்டையும் ஒரு மெல்லிய உறை சுற்றியிருப்பதையும் விரலால் உணரலாம்.

காலின் பின்பக்கம் முத்து வெள்ளையில் பளபளக்கும் கயிறு ஒன்றைத் தேடுங்கள். அதைப் பிடித்து மேல்நோக்கி இழுத்தால் கோழியின் விரல்கள் மடங்கும். அதுதான் தசைநாண். தசை சுருங்கும் விசையை எலும்புக்குக் கொண்டுபோவது எப்படி என்பதைப் பத்துப் பக்கப் பாடத்தைவிட இந்த ஓர் இழுப்பு நன்றாகச் சொல்லும்.

அடுத்து, தொடையின் உட்பக்கத் தசைகளை விரலால் விலக்குங்கள். ரத்தக் குழாயை ஒட்டியபடி மங்கலான வெள்ளை நூல் ஒன்று ஓடும். பளபளப்பு இருக்காது, தொட்டால் மென்மை, எந்த எலும்பிலும் ஒட்டியிருக்காது. அது நரம்பு. தசைநாணையும் நரம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிள்ளை, பிறகு இரண்டையும் குழப்பாது. கடைசியாக மூட்டைத் திறந்தால் எலும்பின் முனையில் நீலம் கலந்த வெண்மையில் வழவழப்பான தொப்பி தெரியும், அதுவே குருத்தெலும்பு. முடிந்ததும் கத்தரி, தட்டு, கை மூன்றையும் சோப்பால் கழுவுங்கள்.

"நரம்பு இழுத்துக்கொண்டது", "நரம்பில் ஊசி போட்டார்கள்" – இரண்டும் ஒரே நரம்பா?

இல்லை. நம் பேச்சில் "நரம்பு" என்ற ஒரே சொல் நான்கு வெவ்வேறு பொருள்களைச் சுமக்கிறது. ஊசி போடுவது சிரையில், அதாவது ரத்தக் குழாயில். ராத்திரியில் கெண்டைக்காலில் இழுப்பது தசை. கணுக்கால் பிசகினால் வீங்குவது பந்தகம். எலும்பையும் எலும்பையும் கட்டும் நார் அது. கை மரத்துப்போனால்தான் உண்மையான நரம்பு. மலாயில் 'ஊராட்' என்ற சொல்லும் இப்படித்தான் எல்லாவற்றுக்கும் வரும். ஆகவே கிளினிக்கில் டாக்டரிடம் "ஊராட் சாகிட்" என்று மட்டும் சொன்னால் அவருக்கும் துப்புக் கிடைக்காது.

எது என்று பிரித்தறியச் சில அடையாளங்கள் உண்டு. எரிச்சல், மரத்துப்போதல், எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, மின்சாரம் பாய்வது போன்ற வலி என்றால் நரம்பு. ஓர் அசைவில் மட்டும் வலித்து, ஓய்வில் தணிந்தால் தசையோ தசைநாணோ. மூட்டின் ஒரு பக்கம் வீங்கி, ஒரு திசையில் திருப்பும்போது மட்டும் உயிர் போனால் பந்தகம். இந்த விவரத்தோடு போனால் பரிசோதனை நேராகத் தொடங்கும்.

பிசகிய கணுக்காலுக்கு முதல் 48 மணி நேரம் தைலம் போட்டு அழுத்தி உருவ வேண்டாம். உள்ளே கசியும் ரத்தம் அதிகமாகி வீக்கம் ஏறும். துணியில் சுற்றிய ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைத்தல் போதும். நான்கு அடி கூட ஊன்றி நடக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்பின் மேலேயே அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்காமல் விடக் கூடாது.

சில சிராய்ப்பில் ரத்தமே வருவதில்லை, ஏன்? தழும்பு எப்போது விழும்?

எபிதீலியத் திசுவில் ரத்தக் குழாய் கிடையாது. கீழே உள்ள இணைப்புத் திசுவிலிருந்து ஊறி வரும் சத்தே அதற்கு உணவு. இரண்டுக்கும் நடுவே அடித்தளச் சவ்வு என்ற மெல்லிய தளம் உண்டு. இந்தச் சவ்வை நினைவில் வையுங்கள்; பக்கத்தின் கடைசியில் மறுபடி வரும்.

சிராய்ப்பு எபிதீலியத்தோடு நின்றால் ரத்தம் வராது, தழும்பும் விழாது. ஓரத்திலும் மயிர்க்கால்களிலும் உள்ள உயிரணுக்கள் பெருகி, ஊர்ந்து வந்து மூடிவிடும். காய்ந்து பொருக்குக் கட்டிய புண்ணைவிட ஈரம் காக்கப்பட்ட புண் சீக்கிரம் மூடும். ஆகவே சுத்தமான நீரில் கழுவி, மெல்லப் பெட்ரோலியம் ஜெல்லி தடவி, ஒட்டாத கட்டுப் போடுவது நல்லது. "காற்றுப் படட்டும்" என்று திறந்து விடுவது ஆறுவதைத் தள்ளிப்போடும்.

வெட்டு இணைப்புத் திசுவுக்குள் ஆழமாக இறங்கினால் உடல் பழைய நெசவை மறுபடி நெய்வதில்லை. கொலாஜன் நாரை அள்ளிப்போட்டு அடைக்கிறது. அதுதான் தழும்பு. காயம் பட்ட மூன்றாம் வாரத்தில் அந்த இடத்துக்குப் பழைய தோலின் பலத்தில் கால் பங்குதான் இருக்கும். மூன்று மாதத்துக்குப் பிறகும் ஏறக்குறைய 80 விழுக்காட்டோடு நின்றுவிடும். நம் தோல் நிறத்தவருக்கு இந்த நார் தேவைக்கு மேல் வளர்ந்து கெலாய்டாகப் புடைப்பதும் அதிகம். காது மடல், தோள், நெஞ்சு ஆகிய இடங்களில் குறிப்பாக. குடும்பத்தில் யாருக்காவது கெலாய்டு இருந்தால், காது குத்தும் முன் இதைக் கணக்கில் எடுங்கள்.

எண்ணெய் தெறித்தால் கிச்சாப், பற்பசை தடவலாமா?

தடவவே கூடாது. சூடு, அடுப்பை அணைத்த பிறகும் சில நிமிடம் தோலின் அடுத்தடுத்த அடுக்குக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். பற்பசை அந்தச் சூட்டை மூடி அடைக்கும். கிச்சாப் புண்ணில் ஊறி எரிச்சலைக் கூட்டுவதோடு, காயம் எவ்வளவு ஆழம் என்று டாக்டர் பார்க்க முடியாமல் கறையாக்கும். செய்ய வேண்டியது ஒன்றே: ஓடும் குழாய் நீரில் 20 நிமிடம். ஐந்து நிமிடம் போதாது. முதல் மூன்று மணி நேரத்துக்குள் எப்போது செய்தாலும் பயன் உண்டு. ஐஸ் வேண்டாம், அது ரத்தக் குழாயைச் சுருக்கி ஏற்கெனவே தவிக்கும் திசுவைப் பட்டினி போடும். மோதிரம், வளையல் இருந்தால் வீங்கும் முன் கழற்றுங்கள்.

தைப்பூசத்தில் வெறுங்காலில் நடந்து கொப்புளம் வந்தால்?

உள்ளங்கால் மேல்தோல் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன். கண்ணிமையில் அதில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான். தடித்த தோல் உராய்வைத் தாங்கும், ஆனால் பல மணி நேரம் தாங்காது. அப்போது எபிதீலியத்தின் நடு அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, இடையில் நீர் கோக்கும். மேலே மூடியிருக்கும் தோல் இயற்கை கொடுத்த கட்டு. அதை வெட்டி எடுக்காதீர்கள். பெரிதாக இருந்து நடக்க முடியாவிட்டால் சுத்தமான ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்து, தோலை அப்படியே படியவிட்டுக் கட்டுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் இதையும் வீட்டில் செய்யக் கூடாது. காரணத்தைக் கீழே நரம்பு வளர்வது பற்றிய கேள்வியில் சொல்கிறோம்.

பாட்டி ஐம்பது வருஷமாக வெற்றிலை பாக்குப் போடுகிறார். புகையிலை இல்லையே, பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்திய வம்சாவளியினரிடம், அதிலும் பெண்களிடம், மற்ற இனத்தவரைவிட அதிகம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பாக்கு தனியாகவே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என 2004-இல் வகைப்படுத்திவிட்டது. குற்றவாளி புகையிலை மட்டும் அல்ல.

கன்னத்தின் உட்புறம் பல அடுக்கு எபிதீலியம். பாக்கில் உள்ள ஆல்கலாய்டு என்ற வேதிப்பொருள்கள் அதைத் தாண்டி அடியில் உள்ள இணைப்புத் திசுவைத் தூண்டி, கொலாஜனை அளவுக்கு மேல் படியவைக்கின்றன. கன்னம் இறுகும், உள்ளே வெளுக்கும், சாதாரணச் சாம்பார்க் காரம் கூட எரியும், வாய் மெல்ல மெல்லத் திறக்காமல் போகும். வீட்டிலேயே சோதிக்கலாம்: அவருடைய சொந்த விரல்கள் மூன்றை நிமிர்த்தி மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே நுழைக்கச் சொல்லுங்கள். நுழையவில்லை என்றால் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு ஆகியவையும் அப்படியே. வாய் எபிதீலியம் வேகமாகப் புதுப்பிக்கும் திசு. சூடான தே தாரிக் சுட்ட புண் ஒரு வாரத்தில் காணாமல் போகும். அத்தனை வேகமான திசு இரண்டு வாரத்திலும் மூடவில்லை என்பதே எச்சரிக்கை.

புகைமூட்டக் காலத்தில் சளி ஏன் அடைத்துக்கொள்கிறது?

மூச்சுக்குழலின் எபிதீலியத்தில் குற்றிழைகள் என்ற நுண்ணிய மயிர் போன்ற இழைகள் வினாடிக்குப் பத்து முதல் இருபது முறை அசைந்து, தூசி ஒட்டிய சளியைத் தொண்டைக்குத் தள்ளுகின்றன. நுண்துகள் மிகுந்தால் சளி கெட்டியாகிறது, குற்றிழையின் வேகமும் குறைகிறது. சிகரெட் பிடிப்பவருக்கு இந்த நிலை ஆண்டு முழுவதும்.

ரத்தமும் எலும்பும் எப்படி ஒரே குடும்பம் ஆகும்?

இணைப்புத் திசுவின் அடையாளம், உயிரணுக்கள் சிதறிக் கிடக்க நடுவே நிறைய நிரப்பு இருப்பது. நிரப்பு திரவமாக இருந்தால் ரத்தம், கூழாக இருந்தால் குருத்தெலும்பு, கனிமம் ஏறினால் எலும்பு, நாராக அடர்ந்தால் தசைநாண்.

எலும்பில் கனிமம், கொலாஜன் இரண்டும் கலந்திருப்பதைப் பார்க்க, சதை நீக்கிய கோழிக்கால் எலும்பை வினிகரில் ஊறப்போடுங்கள். தினமும் வினிகரை மாற்றினால் நான்கைந்து நாளில் ரப்பர் போல வளையும். கனிமம் கரைந்து கொலாஜன் மட்டும் மிஞ்சியிருக்கிறது. வைட்டமின் டி குறைந்த குழந்தையின் கால் வளைவதும் கனிமக் குறையால்தான்.

கொலாஜன் பானம் குடித்தால் அது மூட்டுக்கும் தோலுக்கும் போகுமா?

குடித்த கொலாஜன், கொலாஜனாகவே போய் ஒட்டிக்கொள்ளாது. குடல் அதை அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் உடைத்துவிடும். உடல் தன் கொலாஜனைத் தானே நெய்கிறது. அதற்குப் புரதமும் வைட்டமின் சி-யும் வேண்டும். முட்டை, பருப்பு, மீன், ஒரு கொய்யா போதும்.

எலும்பு சேர்கிறது, முட்டிக் குருத்தெலும்பு ஏன் சேர்வதில்லை?

ரத்த ஓட்டம்தான் காரணம். எலும்பு முறிந்ததும் ரத்தம் உறைந்து, இரண்டு மூன்று வாரத்தில் மென்மையான பாலம் போட்டு, பிறகு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் அது கெட்டியாகிறது. முழங்கால் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. அதன் தடிமன் இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர். பஞ்சைப் பிழிந்து விடுவதுபோல, நடக்கும்போது அழுங்கி விரிந்து மூட்டு நீரிலிருந்து சத்தை உறிஞ்சுகிறது. அதனால்தான் முட்டி வலிக்காரரை முழு ஓய்வில் உட்கார வைப்பது தவறு. சமதளத்தில் நடை, சைக்கிள், நீச்சல் நல்லது. நரம்பு இல்லாததால் தேய்மானம் தொடங்கும்போது வலியும் தெரியாது. அடியில் உள்ள எலும்பும் மூட்டு உறையும் பாதிக்கப்பட்ட பிறகே வலிக்கும்.

பத்துமலை 272 படி ஏறி இறங்கினேன். ஏறியபோது வலிக்கவில்லை, மறுநாள்தான் தொடை வலிக்கிறது. ஏன்?

வலிக்குக் காரணம் இறங்கியதுதான். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. அப்படி இழுபட்டபடி வேலை செய்யும் தசை நாரில் நுண்ணிய கிழிசல் விழும். அதைச் சரிசெய்ய வரும் அழற்சியால் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் வலி உச்சம் தொடும். பலரும் சொல்லும் லாக்டிக் அமிலம் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே வெளியேறிவிடும். எலும்புத் தசையை ஒட்டித் துணை உயிரணுக்கள் காத்திருக்கின்றன. அவை பெருகிக் கிழிசலைத் தைத்துவிடும். மெதுவாக நடங்கள், நீர் குடியுங்கள்.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்ய வேண்டாம். கடும் உழைப்புக்குப் பிறகு சிறுநீர் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போனால், உடைந்த தசையின் புரதம் சிறுநீரகத்துக்குள் இறங்குகிறது. அன்றே மருத்துவமனை.

இதயமும் தசைதானே, மாரடைப்புக்குப் பிறகு ஏன் வளர்வதில்லை?

இதயத் தசை உயிரணுக்கள் வளர்ந்தபின் பிரிவது மிக அரிது; இருபத்தைந்து வயதில் ஆண்டுக்கு ஒரு விழுக்காடு அளவுக்கே புதுப்பிக்கப்படுகின்றன, முதுமையில் அதிலும் பாதி. ரத்தம் அடைபட்டு அரை மணி நேரத்தில் அவை சாகத் தொடங்கும், சில மணி நேரத்தில் பெரும்பகுதி போய்விடும். அந்த இடத்தில் தழும்பு விழும், தழும்பு துடிக்காது. ஆகவே நெஞ்சு இறுக்கம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வியர்வை வந்தால் "காற்றுப் பிடித்திருக்கும்" என்று வெந்நீர் குடித்துப் பார்க்காமல் 999 அழையுங்கள். நீரிழிவுக்காரர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சுத் திணறல் மட்டும் வரலாம்.

குடல், ரத்தக் குழாய், கருப்பை ஆகியவற்றில் உள்ள மழமழப்புத் தசை மூன்றாவது வகை. அது நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாது, ஆனால் பெருகும் திறன் உண்டு.

கண்ணாடி வெட்டி விரல் மரத்துவிட்டது. நரம்பு வளருமா?

மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகள் ஏறக்குறைய வளர்வதில்லை. கைகால் நரம்பு வளரும், ஒரு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர். மணிக்கட்டில் அறுந்த நரம்பு விரல் நுனியை அடைய, 17, 18 சென்டிமீட்டர் தூரத்துக்கு, ஆறு மாதம். அதுவும் அறுந்த முனைகளை அறுவை மருத்துவர் சேர்த்துத் தைத்தால்தான். தோலை மட்டும் தைத்துவிட்டு "உணர்ச்சி தானாக வரும்" என்று காத்திருந்தால், வழி தெரியாத இழைகள் ஒரே இடத்தில் முடிச்சாகச் சுருண்டு, தொட்டாலே துடிக்கும் கட்டியாகிவிடும். வெட்டுக்குக் கீழே மரத்திருந்தால் முதல் நாளே அதைச் சொல்லுங்கள்.

நீரிழிவு வேறு வகைச் சேதம். 2023-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. மிகை சர்க்கரை, நீளமான நரம்பை முதலில் கெடுக்கும். அதனால் கால்விரலில் தொடங்கும். முள் குத்தினாலும் சூடு பட்டாலும் தெரியாது. கிளினிக் கெசிஹாத்தானில் 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுச் சோதிப்பார்கள். ஆண்டுக்கு ஒருமுறை கேட்டுச் செய்துகொள்ளுங்கள். வீட்டில் தினமும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். நேர்த்திக்கடன் இருந்தாலும் சுடும் தாரில் வெறுங்காலில் நடக்க வேண்டாம்.

பயாப்சி எடுத்து ஒரு வாரம் ஆகிறது. ஏன் தாமதம்? அறிக்கையில் எதைப் பார்ப்பது?

எடுத்த திசு உடனே அதன் கொள்ளளவைப்போல் பத்து மடங்கு, 10 விழுக்காட்டு ஃபார்மலின் கரைசலில் இறங்க வேண்டும். குறைவாக ஊற்றினால் நடுப்பகுதி அழுகும். ஊறவே ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. பெரிய துண்டு ஒன்றிரண்டு நாள் கேட்கும். பிறகு ஆல்கஹாலில் நீரை வெளியேற்றி, மெழுகில் பதித்து, நான்கு மைக்ரான் தடிமனில் சீவுவார்கள். தலைமுடியின் தடிமனில் பதினைந்தில் ஒரு பங்குதான் அது. இரண்டு சாயம் ஏற்றினால் உட்கரு ஊதா, மற்றது இளஞ்சிவப்பு. எலும்பென்றால் சுண்ணாம்பைக் கரைக்க இன்னும் சில நாள் கூடும். ஐயமிருந்தால் சிறப்புச் சாயங்கள் போட மேலும் நாளாகும். தாமதம் என்றாலே கெட்ட செய்தி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அறிக்கையில் 'கார்சினோமா' என்றால் எபிதீலியத்தில் தோன்றியது. பெரியவர்களின் புற்றுநோய்களில் மிகப் பெரும்பாலானவை இந்த வகை. 'சார்கோமா' என்றால் எலும்பு, கொழுப்பு, தசை போன்றவற்றில் தோன்றியது, அரிது. 'இன் சிட்டு' என்ற சொல் இருந்தால், முன்பு சொன்ன அடித்தளச் சவ்வை அது இன்னும் தாண்டவில்லை. ரத்தக் குழாயும் நிணநீர்க் குழாயும் சவ்வுக்குக் கீழேதான் இருக்கின்றன. ஆகவே தாண்டாத நிலையில் அது வேறு இடத்துக்குப் பரவ வழியில்லை. அறுவைக்குப் பிறகு வரும் அறிக்கை என்றால் 'மார்ஜின்' என்ற வரியைத் தேடுங்கள். வெட்டிய விளிம்புவரை நோய் எட்டியிருக்கிறதா, எட்டாவிட்டால் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று அங்கே எழுதியிருக்கும். அந்த எண்ணைக் கேட்டு, அறிக்கையின் ஒரு பிரதியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.